தேடுகூலி

கொட்பேயில் ஒரு குளிர் அறை. இரவு பதினொன்றரை.
உள்ளே முந்நூறு கிலோ அறக்குளா.
வெளியே கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்தபடி
சிசிலியா அக்கா.
கொம்பிரசர் முக்குகிறது, எழும்பவில்லை.
கப்பாசிட்டரின் தலை வீங்கியிருந்தது,
பார்த்த உடனே தெரிந்துவிட்டது.
முப்பத்தைந்து மைக்ரோ. வானில் இருக்கிறது.
வானில் எங்கே?

கடலுக்குப் போகிறவனுக்கு மேலே இருக்கிற வானில்
எந்த வெள்ளி எங்கே என்று தெரியும்.
நான் ஓட்டிவந்த வானுக்குள்
நாற்பது நிமிடம் துழாவினேன்.
பஸ்மி பின்கதவால், நான் பக்கக்கதவால்,
இரண்டு பெருச்சாளிகள்
எதிரெதிரே வளை தோண்டி வருவதுபோல.
செப்புக்குழாய்ச் சுருளில் கால் மாட்டியது.
ஸ்குரூ டப்பா கவிழ்ந்து
மூன்று அங்குலமும் ஒன்றரை அங்குலமும்
சம்பந்தம் செய்துகொண்டன.
கடைசியில்
மழைக்கோட்டின் பைக்குள் இருந்தது அது.
யார் வைத்தது என்பதில்
இன்றைக்கும் உடன்பாடு இல்லை.

மாற்ற எடுத்தது ஆறு நிமிடம்.
பில் எழுதும்போது அக்கா கேட்டார்,
கோபமில்லை, மீன் விலை விசாரிக்கிற குரல்தான்:
"தம்பி, தேடினதுக்கும் காசோ?"

நகைக்கடையில் செய்கூலி உண்டு, சேதாரம் உண்டு.
தேடுகூலி என்று எங்கேயும் எழுதியிருப்பதாக
எனக்கு ஞாபகமில்லை.
இரண்டாயிரம் குறைத்தேன்.

போயா நாள். பாலையூற்று வளவில்
டொல்பினின் வயிற்றைப் படங்கில் கொட்டினோம்.
அதே முப்பத்தைந்தில் இன்னும் ஆறு வந்தன.
நிலாவெளி ஹோட்டல் பதினாலாம் அறைத் திறப்பு,
வீடு தெரியாத மூன்று ரிமோட்,
டீசலுக்கு வரிசையில் படுத்த மாதத்தின்
கியூஆர் தாள்,
தட்டையாகிப்போன ஒரு பல்லி.
உப்புக்காற்று மூடிய டப்பாவுக்குள்ளும் நுழைந்து
ஒருமுறைகூட முறுக்கப்படாத நட்டுகளைக்
கிழடாக்கியிருந்தது.

பிறகு சண்டை தொடங்கியது.
பஸ்மி இடக்கைக்காரன்.
எனக்கு எட்டுகிறது அவனுக்கு எட்டாது.
"கேஜ் இந்தப் பக்கம் மச்சான்."
"அந்தப் பக்கம்."
ஒட்டுப்பலகை மூன்றுதரம் கழன்று
மூன்றுதரம் ஏறியது.
நைதரசன் சிலிண்டர் மட்டும் பேச்சில்லாமல்
ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால்
நேராக நின்றது, இரண்டு பட்டியில் கட்டுண்டு.
கனமானது அச்சுக்கு மேலே,
அடிக்கடி கேட்பது கதவோரம்,
வருடத்துக்கொருதரம் கேட்பது
கையைச் சபிக்க வைக்கும் மூலையில்.
திலினவுக்குத் தமிழ் வாசிக்க வராது,
ஆகவே எழுத்தை விட்டு நிறத்துக்குப் போனோம்:
சிவப்பு டேப் மின்சாரம், பச்சை காஸ்,
நீலம் தண்ணீர்.
பால்மா டின்கள் கொடி பிடித்த நாடுகள்போல
வரிசையில் நின்றன.

ஒரு டின் மிஞ்சியது.
பஸ்மி அதில் கறுப்பு மையால்
"தெரியாது" என்று எழுதினான்.
மூன்று ரிமோட்டும் பதினாலாம் அறையும்
அதற்குள் குடிபோயின.
பல்லியைக் கேட்கவில்லை.

நாலு மணிக்கு அழைப்பு, உவர்மலையில் ஒரு வீடு.
வளைவுகளில் திரும்பும்போது
முதன்முதலாக
வானுக்குள் எதுவும் உருளவில்லை.
அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.
ஏதோ இறக்கிவிட்டு வந்ததுபோல
கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

வீங்கிய தலை. அதே முப்பத்தைந்து.
சிவப்பு டேப், இரண்டாம் தட்டு, கதவோரம்.
எல்லாம் எனக்கு மனப்பாடம்.
என் கை நேராகப் போய்
மழைக்கோட்டின் பைக்குள் நுழைந்தது.

பஸ்மி ஒன்றும் சொல்லவில்லை.
இடக்கையைத் திருப்பி
மணிக்கூட்டைப் பார்த்தான்.